நம் உடலின் காவற்படையும் கஞ்சாவும்

சிவகாசிக்குத் தென்மேற்கே, கரிசல் காட்டின் நடுவே, ஆலங்குளம் என்று ஓர் ஊர் இருக்கிறது. தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தை நேயர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது விருதுநகர் ஜில்லாவைச் சேர்ந்தது. மண்ணுக்கடியில் சுண்ணாம்புக் கல் இருந்தபடியால், 1970-ஐ ஒட்டி இங்கே சர்க்கார் சிமெண்ட் ஆலை ஏற்பட்டது. சுற்றுப்புறத்தில் தீப்பெட்டி வேலையும் பட்டாசு வேலையும் பரவியிருக்கின்றன. வானம் பார்த்த பூமி கைவிட்ட காலத்திலெல்லாம் ஜனங்களுக்குச் சோறு போட்டவை இந்தத் தொழில்கள்தாம். சோற்றோடுகூடத் தூசியையும் போட்டன. கல்லுடைக்கும் இடத்தில் கல்தூசி. மூட்டை கட்டும் இடத்தில் சிமெண்ட் தூசி. மருந்துக் கலவை அறையில் அலுமினியப் பொடி, கந்தகம், வெடியுப்பு. (இந்தப் பக்கத்தில் 'மருந்து' என்று சொன்னால், நோய்க்கு உட்கொள்ளும் மருந்தை யாரும் முதலில் நினைப்பதில்லை, பட்டாசுக்குள் அடைப்பதைத்தான் நினைப்பார்கள்.)

மூச்சோடு உள்ளே போகும் தூசியை உடல் சும்மா விட்டுவிடுவதில்லை. மூக்கிலும் தொண்டையிலும் தங்கியது போக, மிக நுண்ணிய தூசி நுரையீரலின் கடைசி அறைகள் வரையில் சென்றுவிடுகிறது. அங்கே இரவும் பகலும் பாராச் சுற்றும் உயிரணுக்கள் உண்டு. கிருமியானாலும் தூசியானாலும், கண்ட அந்நியப் பொருளை அவை வாய் பிளந்து விழுங்கிவிடும். விழுங்கணுக்கள் என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். கிருமியை விழுங்கினால் ஜீரணித்துவிடும். கல்தூசியிலுள்ள சிலிக்காவை விழுங்கினாலோ, ஜீரணிக்க முடியாமல் தானே மடியும். மடியும்போது மற்ற அணுக்களை உதவிக்கு அழைக்கும் இரசாயனச் செய்திகளைக் கொட்டிவிட்டு மடியும். உதவிக்கு வந்த அணுவும் அதே தூளை விழுங்கி அதே கதியை அடையும். ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடுகிறது. சிலிகோசிஸ் என்னும் நோயின் வரலாறு சுருக்கமாக இதுவே. கல் பாதி கொல்கிறது. கல்லின்மீது ஏவப்பட்ட காவற்படையின் ஓயாத சினம் மீதியைக் கொல்கிறது.

முடக்குவாதத்தில் மூட்டுகள் வீங்குவதும் இதே காவற்படையின் தவறான சினத்தினால்தான். அப்படியானால் இந்தப் படைக்குக் கடிவாளம் ஒன்றும் இல்லையா என்ற கேள்வி எழுவது இயற்கை. கடிவாளங்கள் பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்று 1993-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அது பூண்டிருக்கும் பெயர் கஞ்சாவின் பெயர் என்பதுதான் வியப்பு.

அந்தப் பெயரே பாதி வம்புக்குக் காரணமாகிவிட்டது. கஞ்சாவைச் சஞ்சீவி என்று கொண்டாடும் ஒரு கூட்டம், "பார்த்தீர்களா, நம் உடம்பிலேயே கஞ்சாவுக்கு இடம் இருக்கிறது" என்று குதிக்கிறது. கஞ்சா என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் காதைப் பொத்திக்கொள்ளும் மற்றொரு கூட்டம், இதைப்பற்றி ஆராய்ச்சி செய்வதே பாவம் என்று எண்ணுகிறது. இரண்டு கூட்டத்தாரும் விஷயத்தைப் பார்க்கவில்லை என்பது நம் அபிப்பிராயம். விஷயம் என்ன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

கல்கத்தாவில் தொடங்கிய கதை

கஞ்சாச் செடியை மேனாட்டு வைத்திய சாஸ்திரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவர் வில்லியம் ஓஷாக்னஸி என்ற ஐரிஷ் டாக்டர். இந்தியாவில் முதன்முதலில் தந்திக் கம்பி போட்டவரும் இவரே. அது வேறு கதை. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த இவர், நம்மவர் நூல்களில் இச்செடியைப்பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று பண்டிதர்களையும் ஹக்கீம்களையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். உதவியவர்களில் ஒருவர் மதுசூதன் குப்தா. 1836-இல் மனித உடலை அறுத்துச் சோதித்துப் பழைய தடையை உடைத்தவர் அவர். முதலில் பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குக் கொடுத்து, 1839-இல் தம் அனுபவங்களைக் கல்கத்தா வைத்தியர் சங்கத்தின் முன் வாசித்தார்.

அவர் மருந்து கொடுத்த நோய்களில் ஒன்று வாதநோய். ஒரு நோயாளியின் கதை வேடிக்கையானது. பிசினைக் கொடுத்த சில மணி நேரத்துக்குப்பின் போய்ப் பார்த்தால், ஆள் சிலைபோலக் கிடக்கிறான். கையைத் தூக்கி விட்டால் தூக்கின இடத்திலேயே நிற்கிறது. டாக்டர் நடுங்கிப்போனார், நோயாளியோ மறுநாள் ஒன்றும் நடவாததுபோல் எழுந்துகொண்டான். ஒரே சரக்கு ஒருவனுக்கு வலியைக் குறைக்கிறது, இன்னொருவனைச் சிலையாக்குகிறது என்றால் வைத்தியன் எப்படி நம்பிக் கையாளுவான்? சரக்குக்குச் சரக்கு வீரியமும் மாறியது. மேனாட்டு வைத்தியர்கள் ஒரு நூற்றாண்டுக் காலம் கையாண்டு பார்த்தார்கள். பிரிட்டிஷ் மருந்துப் பட்டியலிலிருந்து 1932-இல் கஞ்சா நீக்கப்பட்டது.

வீரியத்துக்குக் காரணமான பொருள் இன்னதென்று தெரியாததே குறை. அபினியிலிருந்து மார்பின் பிரிக்கப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கஞ்சாவின் சாரம் தனியே பிரித்து அறியப்பட்டதோ 1964-இல்தான். எண்ணெயில் கரைந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும் பொருளானபடியால் அது எளிதில் அகப்படவில்லை. அதைச் செய்தவர்கள் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகளான ரபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும். சோதனைக்கு வேண்டிய சரக்குக்கு மெக்கூலம் போலீஸாரிடமே போனார். பறிமுதல் செய்து வைத்திருந்த ஐந்து கிலோ லெபனான் கஞ்சாப் பிசினை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் வாசனை என்னவென்று விழித்தார்கள். அவர் பிரித்த பொருளின் பெயர் டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி.

ஆனந்தம் என்ற பெயர்

பொருள் கிடைத்துவிட்டது. அது உடம்பில் எங்கே போய் வேலை செய்கிறது? உயிரணுவின் மேற்சவ்வில் ஏற்பிகள் என்ற புரதங்கள் பதிந்திருக்கின்றன. பூட்டும் சாவியும்போல, ஒவ்வோர் ஏற்பிக்கும் பொருந்தும் பொருள் வேறு. சாவி பொருந்தினால் அணுவுக்குள் ஒரு செய்தி போகும். கஞ்சாச் சாரத்துக்கு ஏற்ற பூட்டு ஒன்று மூளையில் இருப்பதை 1988-இல் அமெரிக்காவில் வில்லியம் டிவேனும் ஆலின் ஹவுலெட்டும் காட்டினார்கள். 1990-இல் அதன் முழு அமைப்பும் தெரிந்தது. அதற்குச் சி.பி. 1 என்று பெயரிட்டார்கள். மயக்கம், சிரிப்பு, மறதி, பசி இவ்வளவும் இந்தப் பூட்டின் வழியாக வருபவை.

காட்டில் முளைத்த ஒரு செடிக்காக இயற்கை நம் மூளையில் பூட்டு வைத்திருக்க முடியாது. உடம்புக்குள்ளேயே சொந்தச் சாவி இருந்தாக வேண்டும். டிவேன் ஜெரூசலத்துக்குப் போய், மெக்கூலத்தோடும் செக் நாட்டு லூமிர் ஹனுஷோடும் சேர்ந்து, பன்றியின் மூளையிலிருந்து 1992-இல் அந்தச் சாவியைப் பிரித்தெடுத்தார். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஆனந்தமைடு. நம்முடைய 'ஆனந்தம்' என்ற சொல்லேதான்! மூன்று ஆண்டு கழித்து 2-ஏ.ஜி. என்ற இரண்டாவது சாவியும் கிடைத்தது. அதை ஜெரூசலத்தில் மெக்கூலத்தின் கூட்டத்தாரும் ஜப்பானில் சுகியூராவின் கூட்டத்தாரும் ஒரே ஆண்டில் தனித்தனியே கண்டார்கள்.

செடி நம் நாட்டில் வெகு காலமாகப் பழகியது. அதை வைத்தியத்துக்குக் கையாளும் வழியை மேனாட்டாருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் கல்கத்தாப் பண்டிதர்கள். பெயர் சமஸ்கிருதம். ஆராய்ச்சி மட்டும் ஜெரூசலத்திலும் செயின்ட் லூயிஸிலும் ஜப்பானிலும். இதை நினைத்தால் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று விளங்கவில்லை.

நம் கட்டுரைக்கு முக்கியமான பூட்டு அடுத்த ஆண்டில் வந்தது. 1993-இல் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் ஷான் மன்றோவும் அவருடைய சகாக்களும், வெள்ளணுப் புற்றுநோயாளி ஒருவரிடமிருந்து வளர்க்கப்பட்ட உயிரணுக்களில் இரண்டாவது ஏற்பி ஒன்றைக் கண்டார்கள். சி.பி. 2 என்பது அதன் பெயர். முதலாவதற்கும் இதற்கும் அமைப்பில் நூற்றுக்கு 44 பங்குதான் ஒற்றுமை. அதில் 472 அமினோ அமிலங்கள், இதில் 360. எல்லாவற்றிலும் பெரிய வேற்றுமை இருக்கும் இடத்தில். மூளையில் இதைத் தேடினார்கள், அகப்படவில்லை. மண்ணீரலில் தேடினார்கள், அங்கே, இரத்தத்தை வடிகட்டும் விளிம்பில் காவல் நிற்கும் விழுங்கணுக்களில் இருந்தது.

பிற்பாடு 1995-இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் மனித இரத்தத்து வெள்ளணுக்களை வகைவகையாகப் பிரித்துப் பார்த்தார்கள். கிருமிகளுக்கு எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி-அணுக்களில் இந்தப் பூட்டின் தடயம் மிக அதிகம். அடுத்தபடி, கெட்டுப்போன அணுக்களைக் கொல்லும் கொலையணுக்கள், பிறகு விழுங்கணுக்களாக மாறப்போகும் மோனோசைட்டுகள், கடைசியில் டி-அணுக்கள். மயக்கம் தரும் பூட்டு மூளையில் மிகுதி, காவற்படையில் சொற்பம். இந்தப் பூட்டு காவற்படையில் மிகுதி, மூளையில் சாதாரண காலத்தில் சொற்பம். இந்த ஒரு வேற்றுமையில்தான் வைத்தியர்களின் ஆசை முழுவதும் அடங்கியிருக்கிறது. சி.பி. 2-ஐ மாத்திரம் திறக்கும் சாவி கிடைத்தால், மயக்கமில்லாமல் காவற்படையின் சினத்தைத் தணிக்கலாம் அல்லவா?

கடிவாளம் செய்யும் வேலை

இந்தப் பூட்டு திறந்தால் அணுவுக்குள் என்ன நடக்கிறது என்பதை இரண்டொரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். உள்ளே உற்சாகமூட்டும் சுழற்சி ஏ.எம்.பி. என்ற சரக்கின் உற்பத்தி குறைகிறது. விழுங்கணு வீக்கத்தை மூட்டும் செய்திகளைக் கொஞ்சமாகவும், அடக்கும் செய்திகளை அதிகமாகவும் வெளியிடுகிறது. அது நகரும் திசையும் மாறுகிறது.

கடைசியில் சொன்ன இந்த நகர்ச்சி சுவாரசியமானது. மண்ணீரல் விளிம்பில் நிற்கும் பி-அணுக்கள் ஓடும் இரத்தத்தின் நடுவே நிற்கின்றன. ஆற்று வெள்ளத்தில் முளையைப் பிடித்துக்கொண்டு நிற்பவனைப்போல. அவற்றை அடித்துக்கொண்டு போகாமல் நிறுத்துவதில் இந்த ஏற்பிக்குப் பங்கு உண்டு என்று 2011-இல் எலிகளில் தெரிந்தது. ஏற்பி இல்லாத எலியில் அந்த அணுக்கள் இடம் பெயர்ந்து இரத்தத்தோடு போய்விடுகின்றன. ஆகவே இதை வெறும் அடக்குமுறைக் கருவி என்று நினைப்பது தவறு. யார் எங்கே நிற்பது, எப்போது ஓடுவது, எப்போது ஓய்வது என்ற ஒழுங்கும் இதன் கையில் இருக்கிறது.

சாவிகளின் குணமும் கவனிக்கத் தக்கது. ஹார்மோன்களைப்போலச் சுரப்பியில் தயாராகி இரத்தத்தில் ஊர் சுற்றுபவை அல்ல இவை. வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், அணுவின் சவ்வுக் கொழுப்பையே வெட்டித் தயாராகின்றன. வேலை முடிந்ததும் நொதிகள் அவற்றைச் சிதைத்துவிடுகின்றன. ஓர் இடத்தில் பிடித்த கடிவாளம் மற்றோர் இடத்தை இழுப்பதில்லை. கஞ்சாப் புகை அப்படியல்ல. இழுத்த நிமிஷத்தில் டி.எச்.சி. இரத்தத்தில் கலந்து, தலை முதல் கால் வரையில் இரண்டு வகைப் பூட்டுகளையும் தட்டுகிறது, மணிக்கணக்கில் தட்டிக்கொண்டிருக்கிறது. உடம்பு நிறுத்த நினைத்தாலும் நிற்பதில்லை.

அதனால் தீங்கு உண்டா? உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. லீஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமியை எலிகளுக்கு ஏற்றி, அமெரிக்காவில் தாமஸ் கிளைனின் கூட்டத்தார் சோதித்தார்கள். முன்கூட்டி டி.எச்.சி. கொடுத்த எலிகளுக்குக் கிருமியை எதிர்க்கும் சக்தி சரியாகப் பிறக்கவில்லை. இது எலி. மனிதனைப்பற்றி 1997-இல் கலிபோர்னியாவிலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. கஞ்சா புகைப்பவர்களின் நுரையீரலைக் கழுவி எடுத்த விழுங்கணுக்களைப் புகைக்காதவர்களின் அணுக்களோடு ஒப்பிட்டார்கள். புகைத்தவர்களின் அணுக்கள் கிருமியைக் கொல்லும் வேலையில் பின்தங்கி நின்றன. உதவிக்கு அழைக்கும் செய்திகளையும் சரியாக அனுப்பவில்லை. பாராக்காரன் இருக்கிறான், ஆனால் தூங்குகிறான்.

ஆலங்குளத்துப் பக்கம் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். சிலிக்காத் தூசி படிந்த நுரையீரலில் காசநோய் எளிதாகப் பற்றும் என்பது உலகமறிந்த விஷயம். அப்படிப்பட்ட நுரையீரலுக்குள் கஞ்சாப் புகையையும் விடுவது, ஏற்கனவே களைத்துப்போன காவலாளிக்குக் கள்ளும் வாங்கிக் கொடுப்பதற்குச் சமானம். "மூட்டுவலிக்கு நல்லது, இருமலுக்கு நல்லது" என்று சொல்லிக் கொடுப்பவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுக் கல் வேலைக்காரரோ மருந்து வேலைக்காரரோ இதைப் பிடிக்க ஆரம்பித்தால், வலி குறைந்ததாகத் தோன்றும். நுரையீரலில் நடப்பது வேறாக இருக்கும்.

அப்படியானால் கடிவாளத்தை இழுப்பது எப்போதும் கெடுதல் என்று முடிவு கட்டலாமா? அதுவும் முடியாது. 2009-ஆம் ஆண்டில் இரண்டு ஆராய்ச்சிகள் வெவ்வேறு பத்திரிகைகளில் வெளியாயின. குடலிலிருந்து கிருமிகள் கசிந்து உடம்பெங்கும் நஞ்சேறும் நிலையை இரு கூட்டத்தாரும் எலிகளில் உண்டாக்கினார்கள். சி.பி. 2 ஏற்பி இல்லாமற் பிறந்த எலிகள் அதிகமாகச் செத்தன என்றது ஒன்று. அவை அதிகமாகப் பிழைத்தன என்றது மற்றொன்று! இரண்டும் பொய்யல்ல. கிருமியை எதிர்க்கச் சினம் வேண்டும். சினம் எல்லை மீறினால் சொந்த உடம்பையே எரிக்கும். எந்த நாழிகையில் எவ்வளவு இழுப்பது என்பதைப் பொறுத்துக் கடிவாளம் உயிர் காக்கவும் செய்யும், கொல்லவும் செய்யும். குதிரை ஓட்டத் தெரிந்தவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மருந்துக் கம்பெனிகள் இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றன. சி.பி. 2-ஐ மாத்திரம் திறக்கும் இரசாயனங்கள் பல தயாராயின. எலியில் அற்புதமாக வேலை செய்தன. பல் பிடுங்கிய வலிக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள், பயனில்லை. முழங்கால் தேய்மான வலிக்கு மற்றொன்று, அதுவும் பயனில்லை. தோலும் நுரையீரலும் தழும்பேறி இறுகும் ஸ்கிளிரோடெர்மா நோய்க்கு லெனபாசம் என்ற மருந்தைப் பெரிய அளவில் சோதித்தார்கள். தழும்பேறும் நோய் என்பதால் நாமும் ஆவலோடு கவனிக்க வேண்டியது அது. 2020-இல் முடிவு வந்தது: எதிர்பார்த்த பலன் காணவில்லை. அதற்கு முன் 2016 ஜனவரியில் பிரான்ஸில் ரென் நகரத்தில் பெரிய விபரீதமே நேர்ந்தது. உடம்பின் சொந்த ஆனந்தமைடைச் சிதையாமல் காக்கும் மருந்து ஒன்றைச் சோதித்தபோது, நல்ல தேகத்தோடு வந்த ஒருவர் மாண்டார். வேறு சிலர் மூளை பாதிக்கப்பட்டார்கள். அம்மருந்து குறிவைத்த நொதியோடு நில்லாமல் வேறு நொதிகளையும் தாக்கியது பின்னால் தெரியவந்தது. டி.எச்.சி.யும் சி.பி.டி. என்ற மற்றொரு சாரமும் சேர்ந்த வாய்த் தெளிப்பு மருந்து முடக்குவாதம் உள்ள 58 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 2006-இல் முடிவு வெளிவந்தது. வலி சற்றுக் குறைந்தது, தூக்கம் சற்று மேம்பட்டது. அவ்வளவே.

மிளகுக் கணக்கு

தோல்விகளைச் சொல்லிவிட்டோம். இனி நம் அடுக்களைக்குள் வருவோம். 2008-இல் ஸ்விட்ஸர்லாந்தில் யூர்க் கெர்ட்ஷ் என்பவரும் சகாக்களும் ஒரு செய்தி வெளியிட்டார்கள். காரியோபில்லீன் என்ற வாசனைப் பொருள் சி.பி. 2 ஏற்பியில் பொருந்துகிறது, சி.பி. 1-இல் பொருந்துவதில்லை. ஆகவே மயக்கம் கிடையாது. இந்தக் காரியோபில்லீன் கஞ்சாச் செடியிலும் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, கிராம்பிலும் மிளகிலும் இருக்கிறது. பெயரே கிராம்பின் பழைய தாவரப் பெயரிலிருந்து வந்ததுதான். கறிவேப்பிலையின் வாசனையிலும் இதற்குப் பங்குண்டு. பாதம் வீங்கிய எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்தார்கள், வீக்கம் குறைந்தது. சி.பி. 2 இல்லாத எலிகளுக்குக் கொடுத்தார்கள், குறையவில்லை. மருந்து எந்தப் பூட்டின் வழியாக வேலை செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

உடனே நம்மவர்களில் சிலர், "இதற்குத்தான் நம் பாட்டிமார் மிளகு ரசம் வைத்தார்கள்" என்று மார்தட்டக் கூடும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எலிகளில் பலன் கண்ட அளவு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். அதை அப்படியே 50 கிலோ மனிதனுக்குப் பொருத்தினால் 250 மில்லிகிராம். எலிக்கணக்கு மனிதனுக்கு நேராகச் செல்லாது. ஆனாலும் ஒரு மட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் மிளகில் வாசனை எண்ணெய் 25 மில்லிகிராம் போல இருக்கும். அதில் கால் பங்கு காரியோபில்லீன் என்று தாராளமாகவே கொண்டாலும் 6 மில்லிகிராம்தான். ஆக, 250 மில்லிகிராமுக்கு 40 கிராம் மிளகு வேண்டும். எண்ணிப் பார்த்தால் தொள்ளாயிரம் மிளகுக்கு அருகில் வரும். பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்பது பழமொழி. தொள்ளாயிரம் மிளகை உண்பவனுக்குப் பகைவனே வேண்டியதில்லை. அதோடு இது ஆவியாகும் எண்ணெய். ரசம் கொதிக்கும்போது வீடெல்லாம் மணக்கிறதே, அந்த மணத்தில் இதுவும் போய்விடுகிறது.

ரசம் நல்லதுதான். அதை மருந்துக்கடைச் சீட்டாக்க வேண்டாம் என்பதே நாம் சொல்வது. ஆனால் பிரித்தெடுத்துச் சுத்தமாக்கிய காரியோபில்லீனை அளந்து கொடுத்துச் சோதிப்பது வேறு காரியம். அது நடக்க வேண்டியது.

யார் செய்வது?

கஞ்சாவைப்பற்றிய நம் சட்டம் 1985-இல் ஏற்பட்டது. பூவும் பிசினும் குற்றம். இலையும் விதையும் தனியாக இருந்தால் அந்த விளக்கத்துக்குள் வருவதில்லை. சர்க்கார் அனுமதியோடு பயிரிடவும் ஆராயவும் வழி வைத்திருக்கிறது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப் பொருள் கமிஷன், மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க 27-க்கு 25 வாக்குகளால் தீர்மானித்தபோது, இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஜம்முவில் உள்ள மத்திய சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் அனுமதி பெற்றுச் செடியை வளர்த்து ஆராய்கிறது. ஆகவே கதவு முழுவதும் அடைத்துக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருக்க நியாயமில்லை.

சிவகாசிக்காரர்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அந்தக் காலத்தில் ஸ்வீடன் தேசத்துத் தீப்பெட்டிதான் நம் வீடுகளில் விளக்கேற்றியது. அந்நியச் சரக்கைத் திட்டிக்கொண்டு அவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கவில்லை; ரயில் ஏறினார்கள். 1839-இல் கல்கத்தாவிலிருந்து வெளியே போன ஒரு வித்தையைத் திரும்பக் கொண்டுவருவதும் அதே ஜாதிக் காரியம்தான். இப்போது அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் நோயெதிர்ப்பியலுக்கென்று தனித் துறை இருக்கிறது. விருதுநகரில் 2022 ஜனவரியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. மதுரையிலிருந்து விருதுநகருக்கு ரயிலில் ஒரு மணி நேரப் பயணம்.

செய்ய வேண்டிய ஆராய்ச்சி இன்னதென்றும் சொல்லலாம். தூசித் தொழில்களில் பத்தாண்டு, இருபதாண்டு உழைத்தவர்களில் சம்மதிப்பவர்களைப் பதிவு செய்துகொண்டு, மூச்சளவும் எக்ஸ்-ரே படமும் எடுத்து, இரத்தத்தில் சில துளிகளைப் பெற வேண்டும். அந்த இரத்தத்து மோனோசைட்டுகளில் சி.பி. 2 எவ்வளவு உற்பத்தியாகிறது, தூசி படாதவர்களின் அணுக்களிலிருந்து அது எவ்வாறு மாறுபடுகிறது என்று பார்க்க வேண்டும். (இந்த ஏற்பியைச் சாயமேற்றிக் காட்டும் எதிர்ப்பொருள்கள் நம்பத் தகாதவை என்று பெயர் வாங்கியவை, ஆகையால் ஆர்.என்.ஏ. அளவை வைத்தே பார்ப்பது நலம்.) பிறகு அதே அணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துச் சிலிக்காத் தூளைக் கொடுத்து, காரியோபில்லீன் சேர்த்தும் சேர்க்காமலும், அவை கொட்டும் சினச் செய்திகளை அளக்க வேண்டும். காசநோய்க் கிருமியைக் கொல்லும் சக்தி குறைகிறதா என்பதையும் கூடவே பார்த்தாக வேண்டும். குறைந்தால் அந்த மருந்து இந்த ஜனங்களுக்கு ஆகாது, எலிக்கு எவ்வளவு நல்லதானாலும் சரி. தூசியை அடக்கத் தண்ணீர் தெளிப்பதும், முகமூடி கொடுப்பதும், காற்றோட்டம் வைப்பதும் இந்த ஆராய்ச்சியின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல. அவை முதலாளிமாரும் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்களும் இன்றைக்கே செய்ய வேண்டியவை.

இதற்கு வேண்டியது ஒரு குளிர்பெட்டி, ஒரு சோதனைச்சாலை, இரண்டு மூன்று பொறுமையுள்ள இளைஞர்கள், கல்லூரியின் ஒழுக்கக் குழுவின் ஒப்புதல். கஞ்சா ஒரு துளியும் வேண்டியதில்லை. காரியோபில்லீன் கிராம்பு எண்ணெயிலிருந்தும் கிடைக்கும், அதற்கு லைசென்ஸும் கிடையாது.